ஹவுண்ட் டாக்: யார் பாட்டு, யார் காசு?

கேள்வி இதுதான்: எல்விஸ் பிரெஸ்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'ஹவுண்ட் டாக்' பாட்டு, பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகியிடமிருந்து அவர் திருடியது என்கிறார்களே, உண்மையா?

சுருக்கமாகச் சொன்னால், தார்ன்டனுக்கு அநியாயம் நடந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது எல்விஸ் இல்லை. எல்விஸ் பாடியது தார்ன்டனின் பாட்டே இல்லை என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அது அவர் கைக்கு வருவதற்குள் பாதி வரிகள் மாறி, தாளம் மாறி, பாடுகிற ஆள் ஆணாக மாறி, அர்த்தமே வேறாகிவிட்டது. இந்தப் பாட்டு 1952-இலிருந்து 1956 வரை கை மாறிக் கை மாறிப் போன வழியைத் தெரிந்துகொண்டால்தான் யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று புரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வில்லி மே தார்ன்டன் (பிக் மாமா என்பது பட்டப்பெயர்) 1926-இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா தேவாலயப் போதகர், அம்மா அங்கே பாடுபவர். சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட, 14 வயதில் ஊர் ஊராகப் போய் ஆட்டம் பாட்டு நடத்தும் ஒரு குழுவோடு கிளம்பிவிட்டார். டிரம்ஸ், மவுத் ஆர்கன் இரண்டையும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, மற்றவர்கள் வாசிப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டவர். நல்ல உயரம், கனத்த உடம்பு, பெரும்பாலும் ஆண்கள் போடும் சட்டையும் பேண்ட்டும்தான் உடுப்பு. குரலைக் கேட்டால் மைக் தேவையா என்று தோன்றும். 1948 வாக்கில் டெக்சஸின் ஹூஸ்டன் நகரத்துக்கு வந்து தங்கினார். அங்கேதான் டான் ரோபி கண்ணில் பட்டார்.

டான் ரோபியை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. ஹூஸ்டனில் ப்ரான்ஸ் பீகாக் (வெண்கல மயில்) என்ற பெயரில் இரவு விடுதி நடத்திய கறுப்பினத் தொழிலதிபர். 1949-இல் பீகாக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மோடவுன் என்ற புகழ்பெற்ற கறுப்பின இசை நிறுவனம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே, கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்தி வெற்றிபெற்ற நிறுவனம் அது, அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. கூடவே கணக்கில் கறாரான ஆள், மிரட்டலுக்கும் பெயர் போனவர். பாட்டு எழுதியவர்களிடம் சொற்பக் காசுக்கு வாங்கி, டெட்ரிக் மலோன் என்ற புனைபெயரில் தானே எழுதியதாகப் போட்டுக்கொண்டதும் உண்டு. 1951-இல் தார்ன்டன் அவரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

ரோபி தார்ன்டனை ஜானி ஓட்டிஸ் என்ற இசைக்குழுத் தலைவரோடு சேர்த்துவிட்டார். ஓட்டிஸ் விசித்திரமான மனிதர். பெற்றோர் கிரேக்கத்திலிருந்து வந்தவர்கள், கலிபோர்னியாவில் கறுப்பினத்தவர் பகுதியில் வளர்ந்தவர், வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கறுப்பினத்தவராகவே வைத்துக்கொண்டவர். லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் வீட்டிலேயே ஒத்திகை நடக்கும். 1952 ஆகஸ்டில் அவர் மைக் ஸ்டோலர் என்ற பையனுக்குப் போன் செய்து, என்னிடம் இருக்கும் பாடகர்களை வந்து பார், இவர்களுக்குப் பாட்டு வேண்டும் என்று கூப்பிட்டார். பையன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டோலருக்கும் அவருடைய கூட்டாளி ஜெர்ரி லீபருக்கும் அப்போது வயது 19. இரண்டு பேரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசை மேல் வெறி. லீபர் வார்த்தை எழுதுவார், ஸ்டோலர் பியானோவில் மெட்டுப் போடுவார்.

ஓட்டிஸ் வீட்டில் தார்ன்டன் பாடியதைக் கேட்டதும் இருவரும் ஆடிப்போய்விட்டார்கள். அந்த உருவம், அந்த உறுமல் இரண்டுக்கும் ஈடாக ஒரு பாட்டு வேண்டும் என்று உடனே காரில் ஸ்டோலர் வீட்டுக்குப் பாய்ந்தார்கள். போகிற வழியிலேயே லீபர் காரின் கூரையில் கையால் தட்டித் தாளம் போட்டு முதல் வரியைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் மனதில் இருந்தது நல்ல கெட்ட வார்த்தையாம், அதை வானொலியில் போட முடியாது என்பதால் ஹவுண்ட் டாக், அதாவது வேட்டை நாய் என்று வந்து நின்றார். வீட்டுக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாட்டை முடித்து, அதே காரில் திரும்பி வந்துவிட்டார்கள்.

பாட்டு என்ன சொல்கிறது என்பதை இங்கே நிறுத்திச் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. ஒரு பெண், தன் வீட்டு வாசலைச் சுற்றிச் சுற்றி வருகிற ஓர் ஆணைத் துரத்துகிறாள். நிஜ நாய் இல்லை. வேலைவெட்டி இல்லாமல், பெண்ணின் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு, பெரிய மனுஷன்போல் வேஷம் போடுகிற ஆள்தான் அந்த நாய். நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, வாலை எவ்வளவு ஆட்டினாலும் இனிமேல் இங்கே சோறு கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். கேலியும் கோபமும் கலந்த பாட்டு. 1952-இல் ஒரு கறுப்பினப் பெண் மைக் முன்னால் நின்று இப்படிப் பாடுகிறார் என்பதே பெரிய விஷயம்.

லீபர் எழுதியதைத் தார்ன்டன் கையில் கொடுத்ததும் அவர் அதை மெல்லக் குழைந்து, காதல் பாட்டு மாதிரி பாட ஆரம்பித்தார். லீபர், இப்படி இல்லை என்று சொல்ல, ப்ளூஸ் எப்படிப் பாடுவது என்று இந்த வெள்ளைக்காரச் சின்னப் பையன் எனக்குச் சொல்லித் தருகிறானா என்ற பாணியில் அவர் எகிறினார். கடைசியில் ஓட்டிஸ் சமாதானம் செய்துவைக்க, ஸ்டோலர் பியானோ வாசிக்க லீபரே பாடிக் காட்டினார். பிறகு தார்ன்டன் பாடியபோது அறையே அதிர்ந்ததாம். இது லீபரும் ஸ்டோலரும் சொல்லும் கதை. தார்ன்டனோ, பையன்கள் ஒரு காகிதப் பையின் பின்னால் எழுதிக் கொண்டுவந்தார்கள், நான்தான் அதில் என் சொந்தக் கத்தலையும் உறுமலையும் சேர்த்துப் பாட்டாக்கினேன் என்று சொல்லிவந்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. இசைத்தட்டைக் கேட்டாலே தெரியும், காகிதத்தில் எழுத முடியாத விஷயங்கள்தான் அதில் பாதி.

1952 ஆகஸ்ட் 13 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் ரேடியோ ரெக்கார்டர்ஸ் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. ஓட்டிஸ் கண்ணாடி அறைக்குள் இருந்து பதிவை நடத்துவதாக ஏற்பாடு. ஆனால் ஒத்திகையில் ஓட்டிஸே வாசித்த டிரம்ஸின் துள்ளல் வேறு ஆள் வாசித்தபோது வரவில்லை. லீபர் போய், நீங்களே வாசியுங்கள் என்று கெஞ்சி அவரை டிரம்ஸில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பையன்களும் கண்ணாடி அறைக்குள் போய் நின்றார்கள். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய தயாரிப்பாளர்கள் வரிசையில் வந்த இருவரும் முதன்முதலில் ஒரு பதிவை நடத்தியது அன்றுதான். இரண்டே தடவை எடுத்தார்கள். முதல் தடவையே நன்றாக இருந்தது, இரண்டாவது அதைவிட நன்றாக இருந்தது, வேலை முடிந்தது.

அந்தப் பதிவைக் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தக் காலத்து ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ், கறுப்பினத்தவரின் ஜனரஞ்சக இசை) பதிவுகளில் சாக்ஸபோன் படை இல்லாமல் பாட்டே இருக்காது, இதில் ஊதுகருவி ஒன்றுகூடக் கிடையாது. கிதார், பேஸ், டிரம்ஸ், கைதட்டல், அவ்வளவுதான். தாளம் நிதானமாக, லத்தீன் சாயலோடு, இடுப்பை ஆட்டிக்கொண்டு நடக்கிறது. முதல் வார்த்தையைத் தார்ன்டன் இழுத்துப் பிடித்து உடைக்கிற இடத்தில் எனக்கு இன்றைக்கும் முதுகுத்தண்டு சிலிர்க்கும். நடுவில் பீட் லூயிஸ் கிதாரைத் தனியாக எடுக்கும்போது தார்ன்டன் சும்மா இருப்பதில்லை, அவரோடு பேசுகிறார், அதட்டுகிறார், இன்னும் வாசி என்று தூண்டுகிறார். லூயிஸின் கிதாரும் பதிலுக்குப் பதில் சீண்டுகிறது. முடிவில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் நாய் மாதிரி ஊளையிடக் கேட்கலாம். திட்டமிட்டு மெருகேற்றிய பதிவு இல்லை, ஒரு அறையில் நாலு பேர் உற்சாகமாக இருந்த மூன்று நிமிடம்.

ரோபி இதை ஆறு மாதம்போல் வைத்திருந்து 1953 தொடக்கத்தில்தான் வெளியிட்டார். வெளியான வேகத்தில் ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்துக்குப் போய் 7 வாரம் அங்கேயே நின்றது. தன் பாட்டு நாடு முழுக்க ஓடுகிறது என்பதே தார்ன்டனுக்குத் தெரியாது. ஒரு நாள் காரில் போகும்போது ரேடியோவைப் போட்டால், அறிவிப்பாளர் பாட்டின் பெயரையும் தன் பெயரையும் சொல்வதைக் கேட்டு, அட நான்தானே என்று திகைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். லீபருக்கும் ஸ்டோலருக்கும் ரோபி 1,200 டாலருக்குக் காசோலை கொடுத்தார். வங்கியில் போட்டால் பணமில்லை என்று திரும்பிவந்தது.

அந்தக் காலத்தில் ஒரு பாட்டு ஓடினால் அதற்குப் பதில் பாட்டுப் போடுவது வழக்கம். மெம்பிஸில் சன் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் நடத்திய சாம் ஃபிலிப்ஸ், தார்ன்டனின் தட்டு வெளிவந்த சில வாரத்திலேயே ரூஃபஸ் தாமஸ் என்ற உள்ளூர் வானொலி அறிவிப்பாளரைப் பாடவைத்து 'பேர் கேட்' என்ற பதில் பாட்டை இறக்கினார். அப்படியே அதே மெட்டு. ஆனால் எழுதியவர் சாம் ஃபிலிப்ஸ் என்று போட்டுக்கொண்டார். ரோபி விடுவாரா, வழக்குப் போட்டு ஜெயித்தார். சன் நிறுவனத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றிப் பாட்டு இதுதான், அதன் லாபமோ ரோபி பக்கம் போய்விட்டது. இதன் பிறகு வருடக்கணக்கில் ஃபிலிப்ஸ் பணமுடையில்தான் இருந்தார், 1955 நவம்பரில் தன்னிடம் இருந்த ஓர் இளம் பாடகரின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு ஆர்சிஏ என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றார். அந்த இளம் பாடகர்தான் எல்விஸ். ஹவுண்ட் டாக் இப்படி எல்விஸைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஆனால் அவரிடம் போய்ச் சேர்ந்தது வேறு வழியில்.

அந்த வேறு வழியின் பெயர் ஃப்ரெடி பெல். பிலடெல்பியாவைச் சேர்ந்த இத்தாலிய வம்சாவளிப் பாடகர், பெல்பாய்ஸ் என்ற குழு வைத்திருந்தார், லாஸ் வேகஸின் சாண்ட்ஸ் ஹோட்டலில் குடிக்க வருகிற கூட்டத்துக்கு முன் கோமாளித்தனமும் பாட்டுமாக நிகழ்ச்சி நடத்துவார். 1955-இல் அவர் ஹவுண்ட் டாக்கைப் பதிவு செய்தபோது, தட்டு வெளியிட்ட பெர்னி லோ, எல்லா வீட்டிலும் கேட்கும்படி வரிகளைச் சுத்தம் செய்யச் சொன்னார். வாசலைச் சுற்றி மோப்பம் பிடிக்கிற ஆள் போனான், எந்நேரமும் ஊளையிடும் நாய் வந்தது. சோறு கிடையாது என்ற வரி போனது, நீ ஒரு முயலைக்கூடப் பிடித்ததில்லை, நீ எனக்கு நண்பனே இல்லை என்ற வரி வந்தது. ஆக, ஒட்டுண்ணி ஆணைத் துரத்திய பெண்ணின் பாட்டு, வேட்டைக்கு லாயக்கில்லாத நாயைப் பற்றிய வேடிக்கைப் பாட்டாக மாறியது இங்கேதான், எல்விஸ் கையில் இல்லை. எல்விஸ் திருடினார் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஃப்ரெடி பெல்லைக் கேட்டதே இல்லை, யூடியூபில் கிடைக்கிறது, ஒரு தடவை கேட்டாலே எல்விஸுக்கு எங்கிருந்து வந்தது என்று சந்தேகமில்லாமல் புரிந்துவிடும்.

1956 ஏப்ரல் கடைசியில் எல்விஸ் இரண்டு வாரம் லாஸ் வேகஸின் நியூ ஃபிரான்டியர் ஹோட்டலில் பாடப் போனார். சூதாட வந்த நடுவயதுக் கூட்டத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவர் வாழ்க்கையிலேயே சொதப்பலான மேடைகளில் அது ஒன்று. ஆனால் ஓய்வு நேரத்தில் அவரும் அவருடைய வாத்தியக்காரர்களும் ஃப்ரெடி பெல்லின் நிகழ்ச்சியைப் போய்ப் போய்ப் பார்த்தார்கள், அந்த நாய்ப் பாட்டு அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சரி, நாமும் மேடையில் இதைப் போடலாம் என்று ஆரம்பித்தார்கள். நிகழ்ச்சியின் முடிவில் கூட்டத்தைக் கிளப்பிவிடும் பாட்டாக அது நிலைத்தது.

ஜூன் 5 அன்று மில்டன் பெர்ல் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் இதைப் பாடினார். கையில் கிதார் இல்லை, அதனால் உடம்பு முழுக்க ஆட்டத்துக்கு விடுதலை. கடைசியில் தாளத்தைத் திடீரென்று பாதி வேகத்துக்கு இறக்கி, மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நிதானமாக ஆட்டினார் பாருங்கள், மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் சாமி வந்தது மாதிரி குதித்தன. ஆபாசம், மிருகத்தனம், பாடத் தெரியாதவன் என்று ஒரே வசை. மதத் தலைவர்களும் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பாட்டின் வரிகளைச் சுத்தம் செய்து எடுத்துவிட்ட உடம்பின் விஷயத்தை எல்விஸ் இடுப்பால் திரும்பக் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான். தெரிந்து செய்தாரா என்று கேட்டால் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்து ஜூலை 1 அன்று ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சி. ஆலன் வம்பை விரும்பவில்லை, அதே நேரம் பார்வையாளர் கூட்டமும் வேண்டும். அதனால் எல்விஸுக்குப் பெரிய விருந்துகளுக்குப் போடும் டெயில் கோட்டு மாட்டி, ஒரு பீடத்தின் மேல் தொங்கு காது பாசெட் ஹவுண்ட் நாயை உட்காரவைத்து, அதன் தலையில் தொப்பி வைத்து, அதைப் பார்த்துப் பாடச் சொன்னார். எல்விஸ் முகம் சுளிக்காமல், நாயை அணைத்து முத்தம்கூடக் கொடுத்துப் பாடி முடித்தார். பின்னாளில் அது தன்னை அவமானப்படுத்திய நிகழ்ச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காணொளியைப் பார்த்தால் எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருக்கும், 21 வயதுப் பையன், ஊரே திட்டுகிறது, என்ன சொன்னாலும் மரியாதையாகத் தலையாட்டுகிறான்.

மறுநாளே, ஜூலை 2, நியூயார்க்கில் ஆர்சிஏ ஸ்டுடியோ. வெளியே ரசிகர்கள், எங்களுக்கு அசல் எல்விஸ்தான் வேண்டும் என்று அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அவர் எடுத்த முதல் பாட்டு ஹவுண்ட் டாக். தார்ன்டன் இரண்டு தடவையில் முடித்த பாட்டை எல்விஸ் 31 தடவை பாடினார். தயாரிப்பாளர் போதும் என்றாலும் விடவில்லை, இன்னொன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தார், பிறகு ஒலிபெருக்கி முன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, எது வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்தார். முந்தைய இரவின் கோபம் முழுக்க அந்தப் பதிவில் இறங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். டி.ஜே. ஃபான்டானாவின் டிரம்ஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் துப்பாக்கி மாதிரி சடசடக்கும், ஸ்காட்டி மூரின் கிதார் பாதி இடத்தில் சத்தத்தையே வாத்தியமாக்கியிருக்கும், எல்விஸின் குரலில் சிரிப்பே இல்லை. ஃப்ரெடி பெல்லிடம் வேடிக்கையாக இருந்த அதே வரிகள் இங்கே சண்டைக்கு இழுக்கிற வரிகளாகிவிட்டன.

ஜூலை நடுவில் தட்டு வெளிவந்தது, மறுபக்கம் ஓட்டிஸ் பிளாக்வெல் எழுதிய 'டோன்ட் பி குரூயல்'. இரண்டு பக்கமும் சேர்ந்து பாப் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தன, அந்தக் கணக்கை 1992 வரை யாரும் தாண்டவில்லை. பாப், கன்ட்ரி (வெள்ளையரின் கிராமிய இசை), ஆர் அண்ட் பி மூன்று பட்டியலிலும் முதலிடம். வெள்ளையர் கடை, கறுப்பினத்தவர் கடை என்று பிரிந்து கிடந்த நாட்டில் இது சாதாரணமில்லை.

பாட்டை எழுதியவர்களில் ஒருவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. மைக் ஸ்டோலர் அப்போது மனைவியோடு ஐரோப்பா சுற்றிவிட்டு ஆன்ட்ரியா டோரியா என்ற இத்தாலியக் கப்பலில் நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்தார். ஜூலை 25 இரவு, பனிமூட்டத்தில் அது ஸ்டாக்ஹோம் என்ற கப்பலோடு மோதி மறுநாள் காலையில் மூழ்கியது, சுமார் 50 பேர் இறந்தார்கள். ஸ்டோலரும் மனைவியும் உயிர்காப்புப் படகில் இறங்கி, ஒரு சரக்குக் கப்பலில் ஏறித் தப்பித்தார்கள். துறைமுகத்தில் லீபர் மாற்றுத் துணியோடு காத்திருந்தார். உயிரோடு வந்த நண்பனைப் பார்த்ததும் அவர் சொன்ன செய்தி, நம்முடைய ஹவுண்ட் டாக் பெரிய ஹிட். பிக் மாமாவுடையதா என்று ஸ்டோலர் கேட்டார். இல்லை, எல்விஸ் பிரெஸ்லி என்று யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன்.

அதைக் கேட்டுப் பார்த்தபோது இருவருக்கும் பிடிக்கவில்லை. முயல் வரியில் அர்த்தமே இல்லை, பெண் பாட வேண்டிய பாட்டை ஆண் பாடுகிறான், அவசரமாக ஓடுகிறது என்று குறைப்பட்டார்கள். அவர்கள் சொன்னது வரிகளைப் பொறுத்தவரை முழுக்க சரி. ஆனால் பதிவாகப் பார்த்தால் இரண்டுமே உச்சம் என்பேன், தார்ன்டனுடையது ஒரு படி மேலே. எல்விஸ் பதிவில் பாட்டு எதைப் பற்றியது என்பது முக்கியமில்லை, அந்தச் சத்தம்தான் முக்கியம். தார்ன்டனிடம் சத்தமும் இருக்கிறது, சொல்வதற்கு விஷயமும் இருக்கிறது.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன், கேள்வியின் மையம் அதுதான். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி சொத்து உண்டு: எழுதிய பாட்டு ஒன்று, பாடிப் பதிந்த தட்டு இன்னொன்று. ஒருவர் வெளியிட்ட பாட்டை இன்னொருவர் பாடிப் பதிய அமெரிக்கச் சட்டத்தில் அனுமதி கேட்கக்கூடத் தேவையில்லை, தட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டினால் போதும். 1909-இல் வைத்த 2 சென்ட் என்ற உச்சவரம்புதான் 1950-களிலும் இருந்தது. அந்த 2 சென்ட் போவது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும். முதலில் பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. வானொலியில் தட்டு எத்தனை ஆயிரம் தடவை ஓடினாலும் பாடியவருக்கு எதுவும் கிடையாது, இன்றுவரை அமெரிக்காவின் சாதாரண வானொலிகளில் அப்படித்தான். ஆகவே எல்விஸின் லட்சக்கணக்கான தட்டுகளில் சட்டப்படி தார்ன்டனுக்குப் பங்கே இல்லை. பங்கு போனது லீபருக்கும் ஸ்டோலருக்கும், பதிப்புரிமை வைத்திருந்த ரோபியின் லயன் மியூசிக்குக்கும், எல்விஸ் தரப்புப் பதிப்பகத்துக்கும். தார்ன்டன் கத்தியும் உறுமியும் பாட்டுக்குக் கொடுத்த உயிரைப் பாட்டு எழுதுவதில் சேர்த்துக்கொள்ள அந்தச் சட்டத்துக்கு வழி தெரியவில்லை.

சரி, தன் சொந்தத் தட்டிலாவது அவருக்குக் கிடைத்ததா? பல லட்சம் விற்ற அந்தத் தட்டுக்குத் தனக்கு வந்தது 500 டாலர் காசோலை ஒன்று மட்டும்தான், அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை என்று தார்ன்டன் சாகும்வரை சொன்னார். என்னைப் பொறுத்தவரை திருட்டு என்ற சொல்லுக்குப் பொருத்தமான இடம் இதுதான், இதைச் செய்தது ரோபியின் அலுவலகம். கறுப்பினத்தவரின் இசையை வெள்ளையர் எடுத்துக்கொண்டார்கள் என்ற பெரிய கதை பொய்யில்லை, தார்ன்டனின் தட்டைப் போடாத வானொலிகள்தான் எல்விஸைப் போட்டன, தார்ன்டனைக் கூப்பிடாத தொலைக்காட்சிதான் எல்விஸைக் கூப்பிட்டது. அந்த அநீதியில் எல்விஸ் பலன் அடைந்தவர். ஆனால் அதை வைத்து ரோபியை மறைத்துவிட்டால், பாடகரின் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காத முதலாளி தப்பிவிடுகிறார்.

ஜானி ஓட்டிஸும் சும்மா இருக்கவில்லை. பாட்டில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது என்று ஆரம்பத்தில் பெயர் போட்டிருந்தார். லீபரும் ஸ்டோலரும் அப்போது 21 வயது ஆகாதவர்கள் என்பதால் பழைய ஒப்பந்தம் செல்லாது என்றாகி, பிறகு போட்ட ஒப்பந்தத்தில் அவர் பெயர் போய்விட்டது. எல்விஸால் பணம் கொட்ட ஆரம்பித்ததும் வழக்குப் போட்டார், 1957-இல் நியூயார்க் நீதிமன்றம் லீபரும் ஸ்டோலரும் மட்டுமே எழுதியவர்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தார்ன்டனுக்கு அப்படி இன்னொரு ஹிட் அமையவில்லை. 1954 கிறிஸ்துமஸ் அன்று ஹூஸ்டன் அரங்கின் பின்னறையில், பீகாக் குழுமத்தின் இளம் நட்சத்திரம் ஜானி ஏஸ் துப்பாக்கியோடு விளையாடித் தன்னையே சுட்டுக்கொண்டபோது அவரும் அதே அறையில் இருந்தார். சில வருடத்தில் பீகாக்கை விட்டு விலகி சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் போய்ச் சின்னச் சின்ன விடுதிகளில் பாடினார், சில சமயம் டிரம்ஸ் வாசித்தார். அங்கே அவர் பாடிய, அவரே எழுதிய 'பால் அண்ட் செயின்' பாட்டைக் கேட்ட ஜானிஸ் ஜோப்ளின் என்ற வெள்ளைக்கார ராக் பாடகி, நேரில் போய் அனுமதி கேட்டு வாங்கி, 1967-இல் மான்டரே இசை விழாவில் பாடி ஒரே நாளில் புகழடைந்தார். அந்தப் பாட்டையும் தார்ன்டன் முன்பே ஒரு சிறு நிறுவனத்துக்குப் பதிவு செய்திருந்தார். அவர்கள் தட்டை வெளியிடாமல் உரிமையை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டதால், இங்கேயும் முழுப் பலன் அவர் கைக்கு வரவில்லை. ஒரே மனுஷிக்கு இரண்டு தடவை இப்படி. ஆனாலும் ஜோப்ளின் மேடைக்கு மேடை அவர் பெயரைச் சொன்னார், அதனால் அவருக்குப் புதுக் கூட்டமும் வந்தது.

1984 ஜூலை 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகை அறைகள் உள்ள ஒரு விடுதியில் தார்ன்டன் இறந்தார், வயது 57. குடி உடம்பைத் தின்றிருந்தது, பிரமாண்டமாக இருந்தவர் எலும்பும் தோலுமாக இளைத்திருந்தார். அப்போது போதகராகவும் ஆகியிருந்த ஜானி ஓட்டிஸ்தான் இறுதிச் சடங்கை நடத்தினார். ராக் அண்ட் ரோல் புகழரங்கம் எல்விஸை 1986-இல் தன் முதல் தொகுதியிலேயே சேர்த்தது, தார்ன்டனை 2024-இல்தான் சேர்த்தது.

கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து 1953 தட்டிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் ஃப்ரெடி பெல், அப்புறம் எல்விஸ். மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகாது. நேரமிருந்தால் 1965-இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது பட்டி கை என்ற ப்ளூஸ் கலைஞர் கிதார் வாசிக்கத் தார்ன்டன் மறுபடி பாடிய பதிவையும் தேடிப் பிடியுங்கள், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் அந்த வீட்டு வாசலில் அந்த ஆளுக்குச் சோறு கிடையாது.